சருகை விலக்கினால் ஈரம்

மே மாதம். மத்தியானம் இரண்டு மணி. பம்பாயில் மான்குர்த். மூன்றையும் சேர்த்து ஒரு நிமிடம் மனசுக்குள் கொண்டுவாருங்கள். சுற்றிலும் தகரக் கூரைகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னுகின்றன, எங்கள் ரூமுக்கு மேலே இருக்கிற பத்துக்குப் பதினைந்தடி ஸ்லாபில் செருப்பில்லாமல் கால் வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டும், வாஷிப் பாலத்துப் பக்கமிருந்து காற்று வருகிறது, வந்தும் அதில் குளிர்ச்சி கிடையாது, உப்பும் பிசுபிசுப்பும்தான். இந்த வெயிலில் நான் ஒரு பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்தரிச்செடியின் தூரைச் சுற்றிக் கிடக்கிற வாதாம் சருகை மெல்ல விலக்கி, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விடுகிறேன். ஒரு கணு. இரண்டு கணு. ஐயோ, சில்லென்று இருக்கிறது! மேலே உலகமே வறுபட்டுக்கொண்டிருக்கிறது, விரல் மட்டும் மண்பானைக்குள் இருக்கிறது! அந்த ஈரம் முந்தாநாள் விடியற்காலையில் நான் ஊற்றிய தண்ணீர்!

முதல் தடவை இது நடந்தபோது நான் போட்ட கூச்சலில் என் மனைவி கையில் கரண்டியோடு இரும்பு ஏணியில் பாதி ஏறி வந்துவிட்டாள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். “விரலை விட்டுப் பாரு, விட்டுப் பாரு” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். விட்டாள். ஒன்றும் பேசவில்லை. பக்கத்து டப்பாவிலும் விட்டாள். “என்னங்க, ஃப்ரிட்ஜுக்குள்ள கைய விட்ட மாதிரில்லா இருக்கு” என்றாள். அடுத்த ரூம் மராட்டி மாவ்ஷியையும் கூப்பிட்டோம், அவர் “கிதி தண்ட்!” என்று கண்ணை அகல விரித்தார், எவ்வளவு குளிர்ச்சி என்று அர்த்தம். அன்றைக்கு மாலைக்குள் எங்கள் சந்தில் ஆறேழு பேர் என் கத்தரி டப்பாவுக்குள் விரல் விட்டுவிட்டார்கள். ஐம்பது வயசு மனுஷன், பேரன் பிறந்த செய்தியைச் சொல்கிற மாதிரி ஈர மண்ணைப் பற்றி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

இந்த மாயத்துக்குப் பேர் மூடாக்கு. மண்ணை வெறும் உடம்போடு வெயிலில் விடாமல் மேலே எதையாவது போர்த்திவிடுவது, அவ்வளவுதான்! காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சக்கை, தென்னை மட்டை, கடலைத்தோல், எது கிடைக்கிறதோ அது. காசு கிடையாது, மருந்து கிடையாது, கரண்டு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை வருஷம் வீணாய்ப் போயிற்று என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

முன்னால் என் கதை எப்படி இருந்தது தெரியுமா? எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரும், ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் நீல டிரம்மை நிரப்பிக்கொள்ள வேண்டும், குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதில்தான். அதிலிருந்து காலையில் இரண்டு பக்கெட், மாலையில் இரண்டு பக்கெட், ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கி ஏறி ஊற்றுவேன். ஊற்றி என்ன பயன்? வெயிலில் காய்ந்து சுருங்கிய மண் டப்பாவின் ஓரத்தைவிட்டு விலகி நிற்கும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே வழுக்கிக்கொண்டு போய் அடித்துளையில் வெளியேறி ஸ்லாபில் ஓடி, என் கண்முன்னாலேயே ஆவியாகும். வேர் நனையாது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் மிளகாய்ச்செடிகள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். ஒரு மே மாதத்தில் நான்கு மிளகாய், இரண்டு தக்காளி, ஊரிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய மல்லிகைப் பதியன், எல்லாம் போயிற்று. மல்லிகை போனதற்கு நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

இதில் பெரிய வேதனை என்னவென்றால் எனக்கு இது தெரிந்த விஷயம்! திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி கீரை விதை தூவிய பாத்தியை வைக்கோலால் மூடித்தான் தண்ணீர் தெளிப்பாள், முளை எட்டிப் பார்க்கும்வரை எடுக்க மாட்டாள். தாமிரபரணிக் கரையில் வாழைத்தோப்புக்குள் போனால் அறுத்துப்போட்ட சருகு மெத்தை மாதிரி காலில் அமுங்கும். அதற்குக் கீழே எப்போதும் ஈரம், எப்போதும் மண்புழு. அந்தச் சருகில் படுத்து உருண்ட பையன்தான் நான். பம்பாய்க்கு வந்து ரயிலைவிட்டு இறங்கியதோடு அதெல்லாம் மூளையின் ஏதோ மூலைக்குப் போய்விட்டது. அதைத் தட்டி எழுப்பியவர் நம்மாழ்வார். 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, ரசாயன உர வழி சரியில்லை என்று விட்டுவிட்டு வந்து, கடைசியில் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்கிற இயற்கை விவசாயப் பண்ணையை உருவாக்கி, 2013 டிசம்பரில் காலமாகும்வரை ஊர் ஊராக நடந்து பேசிய மனுஷர். தாராவியில் ஒரு நண்பன் வீட்டில் அவர் பேச்சின் வீடியோவை யதேச்சையாகப் பார்த்தேன். வெயிலில் மண்ணை அம்மணமாக விடாதே, அதற்கும் ஒரு போர்வை வேண்டும் என்கிற அர்த்தத்தில் அந்த வெள்ளைத் தாடியோடு அவர் சொன்னாரே, எனக்கு ஆச்சியின் வைக்கோல் பாத்தி அப்படியே கண்முன்னால் வந்து நின்றது! அந்த இரவு நான் தூங்கவில்லை. வைக்கோலுக்கு எங்கே போவேன் மான்குர்தில், அதுதான் யோசனை.

விடிந்ததும் விடை ரோட்டில் கிடந்தது. பிப்ரவரி கடைசி. பம்பாயில் நாட்டு வாதாம் மரங்கள் இலையைச் சிவக்கவிட்டு உதிர்க்கிற நேரம். தூங்குமூஞ்சி மரமும் அரசமரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். நகரசுத்தி வேலை செய்கிற அக்கா ஒருவர் நடைபாதையில் கூட்டிக் கூட்டிக் குவியல் வைத்திருந்தார், அடுத்து அது வண்டியில் ஏறவேண்டியது. நான் கையிலிருந்த அரிசிச் சாக்கை விரித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். பார்த்தால் அவருக்கும் நம்ம ஊர்த் தமிழ்! “தம்பி, கச்சராவ வச்சு என்னய்யா பண்ணப்போற?” “செடிக்குக்கா, போர்வை.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்ப பிளாஸ்டிக் இல்லாம நல்லதாப் பொறுக்கித் தாரேன்” என்று அவரே சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் இன்றுவரை எனக்கென்று சுத்தமான குவியல் ஒன்று தனியாக இருக்கும். மூன்று சாக்கு வாதாம் இலையைத் தலையில் வைத்துக்கொண்டு மான்குர்த் ஸ்டேஷன் ரோட்டில் நடந்தபோது எனக்கு இருந்த பெருமை, சம்பளக் கவரோடு வந்த நாளில்கூட இருந்ததில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், கோடை வருவதற்கு முன்னால் மரம் ஏன் இலையை உதிர்க்கிறது? தன் தண்ணீர்ச் செலவைக் குறைக்கத்தான், அது பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் உதிர்ந்த இலை எங்கே விழுகிறது? அதே மரத்தின் காலடியில்! வெயில் ஏறுவதற்கு முன்னால் மரம் தன் வேருக்குத் தானே போர்வை போட்டுக்கொள்கிறது! நாம் அதை விளக்குமாறு எடுத்துக் கூட்டிவிட்டு, அப்புறம் மண் காய்கிறதே என்று குழாயைத் தேடுகிறோம். இது எனக்கு உறைத்த நாளில் நான் ஹார்பர் லைன் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குஜராத்திக்காரரிடம் அரைகுறை இந்தியில் கோவண்டியில் ஆரம்பித்து குர்லாவரைக்கும் இதையே விளக்கினேன். அவர் மாடுங்காவுக்குப் போக வேண்டியவர், குர்லாவில் வண்டி மாறும்போதும் கேட்டுக்கொண்டேதான் இறங்கினார்.

உள்ளே நடப்பது இதுதான். மண்ணுக்குள் மயிரிழை மயிரிழையாகச் சந்துகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அடியிலிருந்து ஈரம் அதன் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேற்பரப்பில் வெயிலும் காற்றும் காத்துக்கொண்டிருந்து அதை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச மறுபடி ஏறும். சருகைப் போட்டீர்களானால் வெயில் மண்ணைத் தொட முடியாது, காற்று தடவ முடியாது, மண்ணுக்கும் இலைக்கும் நடுவில் ஒரு நிழலான ஈரக்காற்று தங்கிவிடும். இன்னும் கேளுங்கள், வெளிச்சம் படாததால் களைவிதை முளைப்பது குறையும். ஊற்றுகிற தண்ணீர் இலையில் விழுந்து மெல்லச் சொட்டுவதால் மேல்மண் இறுகாது. அடியில் இருக்கிற இலை மட்கி, அதுவே உரம். நான் செடி வைத்த தெர்மாக்கோல் பெட்டிகளில் விட்ட நாலைந்து மண்புழுக்கள் வெயிலுக்குப் பயந்து ஆழத்தில் கிடந்தவை, இப்போது சருகுக்கு நேர் கீழே வந்து குடித்தனம் நடத்துகின்றன. சருகைத் தூக்கினால் வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள், கருப்பட்டி நிறத்தில் பொலபொலவென்று மண், முதல் மழையின் வாசனை! மான்குர்தில், மே மாதத்தில், முதல் மழையின் வாசனை! நான் மண்டியிட்டு மூக்கை வைத்து முகர்கிறேன். தினமும் முகர்கிறேன்.

நாலு விரற்கடை உயரம் வேண்டும், அதுதான் கணக்கு. மெல்லிசாகத் தூவினால் வெயில் உள்ளே எட்டிப் பார்த்துவிடும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது, இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு ஈரத்தில் அழுகும். முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, அப்புறம் போர்த்துங்கள். காய்ந்த மண்மேல் போர்த்தினால் காய்ச்சலைத்தான் மூடிவைத்த மாதிரி ஆகும். பச்சைச் சக்கையையோ மரத்தூளையோ மண்ணுக்குள் கிளறிவிடவும் கூடாது, அதை மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டுவிடும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இளநீர் மட்டைக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்! ஸ்டேஷனுக்கு வெளியே இளநீர் வண்டிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை மட்டை வீசுகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? மலை மாதிரி! காசர்கோட்டில் இருக்கிற மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னை மட்டை தன் எடையைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று சொல்கிறது. அதனால்தான் நம் தென்னந்தோப்புக்காரர்கள் மரத்தைச் சுற்றி மட்டையைக் கவிழ்த்துப் பரப்புகிறார்கள், ஒரு தடவை போட்டால் ஐந்து வருஷத்துக்குமேல் உழைக்கிறது. அந்த வண்டிக்காரரிடம் கேட்டபோது அவர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். துண்டு துண்டாக வெட்டி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரு ராத்திரி டிரம்மில் ஊறவைத்து, முருங்கை இருக்கிற பாதி டிரம்மில் குழிப்பக்கம் கீழே, முதுகுப்பக்கம் மேலே என்று அடுக்கினேன். மல்லாத்தி வைத்துவிடாதீர்கள், மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டை போடும், பம்பாயில் டெங்குவோடு விளையாட முடியாது. அந்த முருங்கை இப்போது என்னைவிட உயரம். போன பங்குனியில் முதல் காய்! செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு வந்துதான் அதைச் சாம்பாரில் போட்டோம். ஒரே ஒரு காய், நான்கு பேர், ஆளுக்கு இரண்டு துண்டு. அந்தச் சாம்பாரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

என் மச்சான் நம்பவில்லை. “சும்மா உங்க மனப்பிராந்தி அத்தான்” என்றான். சரி, வா என்று இரண்டு பெயிண்ட் டப்பாவில் ஒரே மண்ணை, ஒரே அளவு நிரப்பி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் சருகு, ஒன்றில் வெறும் மண், இரண்டையும் எங்கள் சந்து முனை பங்கார் கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டோம். பழைய இரும்பு நிறுக்கிற தராசு. கடைக்காரருக்கு எங்களைவிட ஆர்வம். மூன்று நாள் ஸ்லாப் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி நிறுத்தோம். வெறும் மண் டப்பாவில் ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது, சருகு போட்டதில் அரைக் கிலோகூடக் குறையவில்லை! கடைக்காரர் தராசை ஒருதரம் தட்டிவிட்டு மறுபடி நிறுத்துப் பார்த்தார். அதேதான்! மச்சான் அன்று மாலையே தன் வீட்டுத் துளசிக்கு ஒரு பை சருகு வாங்கிக்கொண்டு போனான்.

இதெல்லாம் இருக்கட்டும், புனே கல்யாணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எனக்குச் சோறு இறங்காது. மே நடுவில் மூன்று நாள் கல்யாணம், எங்கள் சந்தில் பாதிப்பேர் அதற்கே வந்துவிட்டார்கள், தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. கிளம்புகிற விடியற்காலையில் எல்லா டப்பாவையும் அடித்துளையில் வழிகிறவரை நனைத்து, வீட்டிலிருந்த சருகையெல்லாம் கொட்டி, பற்றாமல் கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் முதல் வாரமே வாங்கிக் காயவைத்திருந்த சக்கையையும் பரப்பி, மீன் மார்க்கெட் தெர்மாக்கோல் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே பந்தியில் உட்கார்ந்தால் இலை எனக்குச் செடியாகத் தெரிகிறது, தாலி கட்டுகிற நேரத்தில் மான்குர்தில் இப்போது எத்தனை டிகிரி என்று போனில் பார்க்கிறேன், மனைவி முழங்கையால் இடிக்கிறாள். நான்காம் நாள் மத்தியானம் வந்து இறங்கினோம், நான் பையை வாசலிலேயே போட்டுவிட்டு செருப்புகூடப் போடாமல் ஏணியில் ஏறினேன், உள்ளங்கால் சுட்டது, தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினேன், கருகிப்போன குச்சிகளைப் பார்க்கத் தயாராகிவிட்டேன், கடைசிப் படியில் கண்ணைத் திறந்தால், அடடா, பச்சை! பச்சை! கத்தரி நிமிர்ந்து நிற்கிறது, ஊதாப் பூ இரண்டு புதிதாகப் பூத்திருக்கிறது, மிளகாய் குனியவில்லை, வெண்டை நான் போனபோது விரல் அளவு இருந்தது இப்போது கை அளவு, கறிவேப்பிலை கொழுந்து விட்டிருக்கிறது, ஒரே ஒரு தக்காளி மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது, அதுவும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் பொழுது சாய்வதற்குள் தலையைத் தூக்கிக்கொண்டது, நான் ஒவ்வொரு டப்பாவாக மண்டியிட்டு சருகை விலக்கி விலக்கி விரலை விட்டு, ஈரம், ஈரம், இதிலும் ஈரம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன், கீழே மனைவி “என்னாச்சு, இருக்கா?” என்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தொண்டை வரவில்லை, ஒரு பிஞ்சு மிளகாயைப் பறித்து மேலேயிருந்து போட்டேன், அதுதான் பதில்!

இந்தப் பித்து எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், இந்த ஊருக்கே ஒரு பரம்பரை உண்டு. பாந்த்ராவில் டாக்டர் ஆர். டி. தோஷி என்கிறவர் மொட்டைமாடியில் கரும்புச் சக்கையைப் பைகளிலும் டிரம்களிலும் நிரப்பி, கொஞ்சமே கொஞ்சம் மண்ணோடு காய்கறி, பழம் எல்லாம் விளைவித்துக் காட்டினார். நாம் சாறு குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற அதே சக்கை! பம்பாய்த் துறைமுகத்தில் உணவுத்துறை அதிகாரியாக இருந்த ப்ரீத்தி பாட்டீல் 2002ல், ஊழியர்களுக்குச் சமைக்கிற சமையற்கூடத்தின் மாடியில், அங்கே மிஞ்சுகிற காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் வைத்தே ஒரு தோட்டத்தை எழுப்பினார், பழமரங்கள்கூட உண்டு அதில். கடல் கடந்து போனால் ஜப்பானில் ஃபுகுவோகா, அறுவடை முடிந்ததும் வைக்கோலை நறுக்காமல் கொள்ளாமல் வயலிலேயே வீசியெறிந்தவர், அந்த வைக்கோல் பெயரிலேயே புத்தகம் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தவர். பாந்த்ரா மாடி, துறைமுகத்து மாடி, ஜப்பான் வயல், கடைசியில் என் பத்துக்குப் பதினைந்து ஸ்லாப்! இந்த வரிசையில் என்னையும் சேர்த்துச் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கிறது.

மான்குர்த்காரனுக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில்தான் தேவ்னார் குப்பைமேடு, 1927லிருந்து இந்த நகரம் கொட்டிக் கொட்டி வளர்த்த மலை. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது நகரமே புகைக்குள் இருந்தது, நாங்கள் ஜன்னலில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மண்ணைச் சேரவேண்டிய இலையும் சக்கையும் மட்டையும் எல்லாக் குப்பையோடும் கலந்து வண்டி ஏறி எங்களைத் தாண்டித்தான் போகும். இப்போது அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் எத்தனை டப்பாவுக்குப் போர்வை போகிறது என்று என் மனசு கணக்குப் போடுகிறது. என் பங்குக்குக் கோடைக்குப் பன்னிரண்டு சாக்கை வழிமறித்திருக்கிறேன். தண்ணீர்க் கணக்கையும் கேளுங்கள். 2024 ஜூனில் ஏரிகள் வற்றி ஊருக்கே 10 சதவீதம் தண்ணீர் குறைந்தபோது, நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டே பக்கெட்டில் தோட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு நாளைக்கு நான்கு!

குறை என்று சொன்னால், மழைக்காலத்தில் சருகுக்கு அடியில் நத்தை வரும். பம்பாய் மழை சாதாரண மழையா, நாலு மாதத்தில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை. ஜூனில் முதல் மழை விழுந்ததும் பாதியை வாரி மட்குக் கூடையில் போட்டுவிட்டு மீதியை மெல்லிசாக விட்டுவிடுவேன். ராத்திரி டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்கினால் தீர்ந்தது. அவ்வளவே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாசி பிறந்து நாலு நாள். ஸ்டேஷன் ரோட்டு வாதாம் மரத்தில் இலை பாதி சிவந்துவிட்டது, தினமும் ரயிலுக்குப் போகும்போது நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நேற்று அக்கா தூரத்தில் பார்த்ததுமே விளக்குமாற்றை உயர்த்தி, “இன்னும் ஒரு வாரம்யா தம்பி” என்று கத்தினார். சாக்குகளை நேற்று ராத்திரியே துவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.